ஆண்டுச் சந்தாவை முதல் நாளே வாங்காத உடற்பயிற்சிக் கூடம்: சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மதிப்பீடு

வேலூர் நகரில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் பஞ்சமில்லை. காட்பாடி காந்தி நகர், தோட்டப்பாளையம், பாகாயம், சத்துவாச்சாரி என்று எந்தப் பக்கம் போனாலும், ஏதோ ஒரு முதல் மாடியின் கண்ணாடிச் சுவரில் திரண்ட தோள்களோடு ஓர் இளைஞரின் படமும், அதன் கீழே இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ குறையும் என்ற உறுதிமொழியும் கண்ணில் படும். நான் மதிப்பிட எடுத்துக்கொண்டுள்ள கூடத்தின் வாசலில் அப்படிப்பட்ட உறுதிமொழி எதுவும் கிடையாது. ஓராண்டுக்கும் மேலாக அங்கே பயிற்சி செய்துவரும் உறுப்பினர் என்ற முறையில், அதையே அந்தக் கூடத்தின் முதல் சிறப்பாகச் சொல்வேன். உடல் நலத்தில் எந்தப் பகுதியைக் கூடம் செய்து தர முடியும், எந்தப் பகுதியை நாம்தான் செய்தாக வேண்டும் என்ற கணக்கை அவர்கள் சேரும் நாளிலேயே தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

கூடத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். மாலை நேரத்தில் ஏற்கெனவே இடம் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம், அது உண்மையும்கூட. சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், மளிகைக் கடைக்கு மேலே முதல் மாடியிலும் அதற்கு மேல் தகரக் கூரை வேய்ந்த மொட்டை மாடியிலுமாக அது இயங்குகிறது. உரிமையாளர் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ராணுவத்துக்கு அனுப்பும் ஊர்கள் உள்ள இந்த மாவட்டத்தில் அது புதிய செய்தியல்ல. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். எடை தூக்குவது சத்துவாச்சாரிக்குப் பழக்கமான விளையாட்டு. 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்ட்டிலும் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ்குமார் சிவலிங்கம் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர். கிளாஸ்கோவில் அவர் தூக்கிய மொத்த எடை 328 கிலோ. இங்கே சுவரில் ஒட்டியிருக்கும் ஒரே படம் அவருடையதுதான். நடுத்தர வயதில் சர்க்கரையையும் முழங்கால் வலியையும் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறும் என்னைப் போன்றவர்களுக்கும் இந்த இடத்தில் என்ன கிடைக்கும் என்பதே இந்த மதிப்பீட்டின் கேள்வி.

சேர வருபவரிடம் மாஸ்டர் முதலில் பணம் வாங்குவதில்லை. அரைத்தாள் ஒன்றைக் கொடுத்து அதிலுள்ள நான்கு கேள்விகளுக்குக் கைப்பட விடை எழுதச் சொல்கிறார். எந்தெந்தக் கிழமைகளில், எத்தனை மணிக்கு வருவீர்கள்? வர முடியாத நாளில் வீட்டில் என்ன செய்வீர்கள்? இதற்காக நேரம் ஒதுக்க எதை விடப்போகிறீர்கள்? யாரிடம் என்ன உதவி கேட்கப்போகிறீர்கள்? நான்காவது கேள்விதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. காலை ஐந்தரைக்கு நான் இங்கே இருக்க வேண்டுமானால், அந்த நேரத்தில் வீட்டில் யாராவது அடுப்பைப் பற்ற வைத்தாக வேண்டும். திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாளும் இட்லி ஊற்றிச் சட்னி அரைத்து மகளுக்கு மதிய உணவு கட்டித் தரும் வேலையை என் கணவரிடம் கேட்டுப் பெற்றேன். அப்படிக் கேட்பதும் என் பொறுப்பில் சேர்ந்தது என்பதை அந்தத் தாள் எனக்குக் காட்டியது. தாளின் கீழ்ப்பகுதியில் மாஸ்டர் தன் பங்கை எழுதிக் கையெழுத்திடுகிறார். ஒவ்வொரு பயிற்சியையும் முறையாகக் கற்றுத் தருவது, கருவிகளைப் பழுதின்றி வைத்திருப்பது, மாதம் ஒருமுறை நம் பயிற்சி நோட்டைப் பார்த்து அடுத்த மாதத்துக்கான மாற்றத்தைச் சொல்வது ஆகிய மூன்றும் அவர் பங்கு. எடை குறையும் என்றோ சர்க்கரை இறங்கும் என்றோ அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்காது.

எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்ற கேள்வி அதில் ஏன் இல்லை என்று கேட்டேன். எடை இயந்திரத்தில் வரும் எண்ணை யாரும் தூக்கி நகர்த்த முடியாது, வருவதும் வராததும்தான் நம் கையில் இருக்கிறது என்றார். இது வெறும் பேச்சன்று என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவிலும் நடைப்பயிற்சியிலும் மாற்றம் செய்துகொண்டவர்களில் அது 39.3 சதவீதமாக இருந்தது. அவர்களுடைய உடல் எடை சொல்லும்படியாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடை பார்த்து மனம் சோர்ந்துபோகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. இலக்கை எண்ணாக வைத்தவர்கள் எண் அசையாத மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். செயலை இலக்காக வைத்தவர்களுக்கு அந்த மாதமும் கணக்கில் சேர்கிறது.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சேரும்போது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு எனக்கு 6.2 ஆக இருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று கொள்கிறார்கள். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வின்படி நாட்டில் இந்த நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர், ஆகவே என் கதை தனிக்கதை அல்ல. இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 என்பதே எல்லை. இப்போது எச்பிஏ1சி 5.8, இடுப்பு 87. எடை நான்கு கிலோதான் குறைந்திருக்கிறது. மூன்றே மாதத்தில் பதினைந்து கிலோ என்று எழுதும் பலகைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இது சிறிய எண்ணாகத் தோன்றலாம், ஆனால் எனக்கு அது மனநிறைவு தரும் எண்.

அடுத்து நோட்டு. இந்தக் கூடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நுழைவாயிலுக்கு இடப்புறம் தபால் அலுவலகத்தில் இருப்பதைப் போன்ற மர அறைகள் கொண்ட அலமாரி உண்டு. அதில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு 80 பக்க நோட்டு, நூலில் கட்டிய பேனா. பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்து அடிக்கோல் வைத்துக் கோடு போடுவதும் நம் வேலைதான். தேதி, பயிற்சி, எடை, எத்தனை செட், எத்தனை முறை, முந்தைய இரவுத் தூக்கம் ஆகியவற்றோடு கடைசியில் குறிப்புக்கு ஒரு பத்தி. என் நோட்டின் நடுப்பக்கங்களில் வியர்வை பட்டு நீல மை பரவிப்போன இடங்கள் உண்டு. முதல் மாதப் பக்கத்தில் வெறும் கம்பியோடு 15 கிலோ என்று இருக்கும் வரி, பின்னால் வரும் பக்கங்களில் 17.5, 20, 22.5 என்று ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது வரும் தெம்பை வேறு எந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை.

வராத நாளுக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்பது இங்குள்ள விதி. அடுத்த முறை வந்ததும், விட்டுப்போன தேதியைப் போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். மாஸ்டர் அதைப் படித்துக் கண்டிப்பதும் இல்லை, ஆறுதல் சொல்வதும் இல்லை. விருந்தாளி, தலைவலி, மழை, கூட்டம் என்று எழுதிய வரிகள் சேரச் சேர, நாமே நம் வாரத்தைப் படிக்கத் தொடங்குகிறோம். எனக்கு முதலில் ஒதுக்கிய நாட்களில் புதன்கிழமையும் ஒன்று. கல்லூரியில் துறைக் கூட்டத்துக்கான தாள்களைத் தயாரிக்க வேண்டியிருந்ததால் புதன்கிழமை மட்டும் திரும்பத் திரும்ப விட்டுப்போனதை நோட்டு காட்டியது. அதை வியாழனுக்கு மாற்றிக்கொண்ட பிறகு அந்தப் பத்தியில் எழுத அதிகம் தேவைப்படவில்லை. மன உறுதி போதவில்லை என்று நம்மை நாமே நொந்துகொள்ளும் பல இடங்களில், உண்மையில் தேவைப்படுவது கிழமையை மாற்றுவதுதான். அதைக் கண்டுபிடிக்க எழுத்து வேண்டும்.

பயிற்சியாளர்கள் இங்கே எண்ணிக்கை சொல்வதில்லை. பல கூடங்களில் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணி, கடைசி இரண்டுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுவதையே சேவையாக நினைக்கிறார்கள். இங்கே முதல் ஆறு வகுப்புகளுக்கு ஒரு பயிற்சியாளர் முழுதும் உடன் நின்று, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் உட்கார்ந்து எழுவது எப்படி, முதுகு வளையாமல் தரையிலிருந்து எடையை எடுப்பது எப்படி, மூச்சை எப்போது அடக்கி எப்போது விடுவது என்று கற்றுத் தருகிறார். அதற்குப் பிறகு அவர் சற்றுத் தள்ளி நின்றுதான் கவனிப்பார். தொடக்கத்தில் ஒருநாள் நான் கம்பியருகே போனதும் மாஸ்டருடன் நடந்த உரையாடல் இது.

"போன தடவை எவ்வளவு எடுத்தீங்க, மேடம்?"

"நினைவில்லையே, மாஸ்டர். நீங்களே ஒரு எடை சொல்லுங்க."

"நோட்டுல இருக்கும். பாத்துட்டு வாங்க, அப்புறம் போடலாம்."

நோட்டைப் பார்த்துவிட்டு வரும்வரை அவர் தகட்டைத் தொடவில்லை. அதன் பிறகு என் எடையை நானே நினைவில் வைத்துக்கொள்கிறேன், தகட்டையும் நானே ஏற்றிக்கொள்கிறேன். இந்தக் கூடத்தில் 1.25 கிலோ தகடுகள் நிறைய இருப்பதையும் பாராட்ட வேண்டும். பல இடங்களில் 5 கிலோவுக்குக் கீழே தகடே இருக்காது. கம்பியின் இரு புறமும் ஏற்றும்போது ஒரே தாவலில் 10 கிலோ கூடிவிடும், பெண்களும் வயதானவர்களும் அங்கேயே நின்றுபோவார்கள். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால்தான் தசை வலுப்பெறும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், படிப்படியாக எடை கூட்டும் முறையால் அவர்களுடைய கால் தசைகளை மீட்டெடுத்ததைப் பற்றி 1945இலேயே எழுதினார். அந்த முறை பலிக்க ஒரே நிபந்தனை, போன முறை எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே. அதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவர் பயிற்சியாளர் என்று விட்டுவிட்டால், அவர் வேறு கூடத்துக்கு வேலை மாறிப்போகும் நாளில் நம் ஓராண்டு உழைப்பின் கணக்கும் அவரோடு போய்விடும். வேலூரில் பயிற்சியாளர்கள் எவ்வளவு அடிக்கடி இடம் மாறுகிறார்கள் என்பது ஜிம்முக்குப் போகிறவர்கள் எல்லோரும் அறிந்ததுதான்.

உணவு விஷயத்திலும் அதே அணுகுமுறைதான். அச்சடித்த டயட் சார்ட் இங்கே தருவதில்லை. புரதப் பொடி டப்பாக்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரியும் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் ஐசிஎம்ஆருடன் சேர்ந்து வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், தசை வளர்ப்பதற்கென்று புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கும்படியே சொல்கின்றன. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு அந்த வழிகாட்டுதல் காட்டும் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், எண்ணெய் 27 கிராம். மாஸ்டர் இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். அதோடு நிறுத்திக்கொள்கிறார். உங்கள் வீட்டில் அரிசி எந்த உழக்கில் அளக்கிறீர்கள், அந்த உழக்கு எத்தனை கிராம் பிடிக்கும் என்பதை வீட்டுக்குப் போய் நிறுத்துப் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள் என்பது முதல் மாத வீட்டுப்பாடம்.

நிறுத்துப் பார்த்தேன். அரிசியைவிட எண்ணெய்தான் கண்ணைத் திறந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக் கத்திரிக்காயைக் கொண்டு எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கும்போது, நால்வருக்கான குழம்பில் எவ்வளவு எண்ணெய் இறங்குகிறது என்று கரண்டியை எடைத்தட்டில் வைத்துப் பார்த்தால், 27 கிராம் என்பது எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகும் என்று தெரியும். எண்ணெயில் ஒவ்வொரு கிராமுக்கும் 9 கலோரி. அந்தக் கத்திரிக்காயை நான் விடவில்லை, விடும்படி யாரும் சொல்லவும் இல்லை. வாரத்தில் ஒருநாள் அப்படியும் மற்ற நாட்களில் அதே கத்திரிக்காயைச் சுட்டுக் கடைந்தும் வைக்கிறேன். காலையில் கேழ்வரகுக் களியோ கூழோ வைத்து, மாலையில் கொண்டைக்கடலை அல்லது காராமணிச் சுண்டலைச் சேர்த்துக்கொண்டதில் பருப்புக் கணக்கும் நேராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியைப் பற்றி உறுப்பினர் ஒருவர் கேட்டபோது, சாப்பிடுங்கள், எழுதுங்கள் என்ற இரண்டே சொற்களில் விடை வந்தது. யாரோ ஒருவர் எழுதித் தந்த பட்டியலைப் பின்பற்றும்போது அதை மீறுவதும் எளிது, மீறியதற்குப் பட்டியலைக் குறை சொல்வதும் எளிது. நாமே அளந்து நாமே முடிவெடுத்ததை அவ்வளவு எளிதில் தட்டிக்கழிக்க மனம் வருவதில்லை.

ஒப்பிட்டுச் சொல்வதென்றால், நகரின் வேறொரு பகுதியில் உள்ள பெரிய கூடம் ஒன்றில் இதற்கு முன்னர் விசாரித்திருந்தேன். அங்கே கருவிகள் புதியவை, குளிர்சாதன வசதி முழுமையானது. ஆனால் என் ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே, அன்று மாலைக்குள் ஆண்டுத் தொகையைக் கட்டினால் பாதி விலை என்றார்கள். குறைந்தது எத்தனை நாள் வர வேண்டும் என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று விடை வந்தது. அந்தப் பதிலைத்தான் நான் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். நமக்குப் பதிலாக இன்னொருவர் தசையைச் சுருக்கி விரிக்க முடியாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறவர், நாம் வராமல் போவதையே நம்பிப் பணம் வாங்குகிறார் என்ற ஐயம் எழுவது இயல்புதானே?

இனி குறைகள். மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழேதான் டம்பெல்களும் பெஞ்சுகளும் இருக்கின்றன. வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், காலை எட்டு மணிக்கு மேல் அந்தத் தளத்தில் நிற்க முடியாது. இரண்டு தொழிற்கூட மின்விசிறிகள் போதவில்லை. எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சிக்கான சட்டகம் ஒன்றே ஒன்றுதான். மாலை ஆறிலிருந்து எட்டு வரை கல்லூரி மாணவர்களின் கூட்டத்தில் அதற்காகக் காத்திருப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். இரண்டு டிரெட்மில்களில் ஒன்றின் திரை நெடுநாளாக எதையும் காட்டுவதில்லை. கருவிகளைப் பழுதின்றி வைத்திருப்பேன் என்று கையெழுத்திட்டவர் அதைச் சரிசெய்திருக்க வேண்டும். நினைவூட்டியிருக்கிறேன், இன்னும் நடக்கவில்லை.

பெண்களுக்கென்று தனி நேரம் முற்பகல் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் அது பயன்படாது. காலையிலும் மாலையிலும் பொதுநேரத்தில் வரத் தடையில்லை, யாரும் முகம் கோணும்படி நடந்துகொண்டதும் இல்லை. எனினும் பொதுநேரம் என்றால் வீட்டில் அனுமதிக்க மாட்டார்கள் என்று சொல்லிப் படியிறங்கிப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். உடை மாற்றும் அறை மிகச் சிறியது, அதன் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை. தன் உடலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கும் ஓர் இடம், பொறுப்பேற்க வந்தவருக்கு நேரமும் தாழ்ப்பாளும் தர வேண்டும். இதை மாஸ்டரிடம் நேரடியாகவே சொல்லிவிட்டேன் என்பதால் இங்கே எழுதுவதில் தயக்கமில்லை.

இன்னொரு விஷயத்திலும் அவரோடு நான் மாறுபடுகிறேன். வராமல் போனவர்களைக் கூடத்திலிருந்து யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. அழைத்து வரவழைத்தால் அது அவர்கள் பொறுப்பாக இருக்காது என்பது அவருடைய வாதம். என்னோடு காலையில் பயிற்சி செய்த அறுபது வயது கடந்த அம்மா ஒருவர், காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு வருவதை நிறுத்திவிட்டார். கடைத்தெருவில் பார்த்தபோது, இத்தனை நாள் விட்டுவிட்டு எந்த முகத்தோடு வருவது என்று தயங்கினார். அவர் விட்டுப்போன வரிகளை எழுத அஞ்சவில்லை, எழுதும்போது தனியாக நிற்க அஞ்சினார். நான் கையோடு அழைத்து வந்தேன். அவருடைய நோட்டு அதே கட்டத்தில் அப்படியே இருந்ததைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பழைய எடையில் பாதியைப் போட்டுத் தொடங்கும்படி மாஸ்டர் சொன்னார், அதைக் கனிவாகவே சொன்னார். ஒரு தொலைபேசி அழைப்பு அவருடைய பொறுப்பைப் பறித்திருக்காது. அது திரும்பி வரும் வழியைக் காட்டியிருக்கும். தனிமனிதப் பொறுப்பு என்பது ஒருவரைத் தனியே விட்டுவிடுவதாக மாறக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பணமே செலவில்லாமல் இதையெல்லாம் செய்ய முடியாதா என்ற கேள்வி நியாயமானது. கோட்டை அகழியை ஒட்டியும் நேதாஜி விளையாட்டரங்கிலும் அதிகாலையில் நடப்பவர்களைப் பார்க்கும்போது, நடைக்கு மட்டும் யாரும் சந்தா கட்டத் தேவையில்லை என்றே சொல்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. அதோடு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மில் பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பகுதியைத்தான். அதை வீட்டிலேயே தண்டால், பஸ்கி, தண்ணீர் நிரப்பிய குடம் ஆகியவற்றைக் கொண்டு செய்யலாம். வர முடியாத நாளில் வீட்டில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு நான் எழுதிய விடையும் பஸ்கியும் மாடிப்படியும்தான். முறையாகக் கற்றுக்கொள்ளவும் எடையை அளவோடு கூட்டிக்கொண்டு போகவும் கூடம் உதவுகிறது. அந்த அளவுக்கு இதற்குக் கொடுக்கும் பணம் தகும்.

கட்டணம் மாதத்துக்கு 1,200 ரூபாய், காலாண்டுக்கு 3,000, ஆண்டுக்கு 9,000. இதன் மேல் ஜிஎஸ்டி உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், எந்தக் கூடத்தில் சேர்ந்தாலும் ரசீதைக் கேட்டு வாங்கி அந்த வரியைச் சரிபாருங்கள். ஆண்டுச் சந்தாவை மாஸ்டர் முதல் நாளே வாங்குவதில்லை. முதல் மூன்று மாதம் மாதக் கட்டணம் மட்டுமே. நான்காம் மாதத் தொடக்கத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாரத்துக்கு இரண்டு நாளாவது வந்திருந்தால்தான் ஆண்டுத் தொகையை ஏற்றுக்கொள்கிறார். அதற்குக் குறைவாக வந்தவர்களிடம், இன்னும் சில மாதம் மாதக் கணக்கிலேயே வாருங்கள், பணத்தை வீணாக்க வேண்டாம் என்கிறார். வணிகக் கண்ணோடு பார்த்தால் இது நஷ்டம். இந்தக் கூடத்தை நான் நம்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நாற்பதைக் கடந்தவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரின் சீட்டோடு வந்தால்தான் எடை தூக்க விடுகிறார்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் முன்னதாகப் பார்த்துவிட்டு வருவது நல்லது, ஏனென்றால் அதற்கான தனிப் பயிற்சி அறிவு இங்குள்ளவர்களிடம் குறைவு. எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு நோட்டு முறை தடையாக இருக்கிறது. பேரனையோ மகளையோ முதல் சில நாட்கள் உடன் அழைத்து வரலாம், அனுமதிக்கிறார்கள். காலை ஐந்து முதல் ஏழரை வரை வருவதே உகந்தது. ஸ்குவாட் சட்டகம் அப்போது காலியாக இருக்கும், மாடியிலும் காற்று வரும். ஞாயிறு விடுமுறை. நோட்டு அவர்களே தருகிறார்கள், அடிக்கோல் மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.